ஐந்தாவது ஊசி

தொப்பிக்குள்ளிருந்து ஒரு சொட்டு வேர்வை புறப்பட்டு வலது காதுக்கு மேலே வழி தேடிக்கொண்டிருந்தபோது, பதிவாளர் எப்சிபாவைப் பற்றிய பாராட்டுரையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மொத்தம் நான்கு பக்கம். காலையிலேயே ஒரு பிரதி வாங்கிப் பார்த்துவிட்டாள். முதல் பக்கத்தில் பிறப்பும் படிப்பும், இரண்டாவதில் புத்தகங்கள், மூன்றாவதில் போன நாடுகள், நான்காவதில் ‘ஆகையினால்’ என்று தொடங்கி மூச்சுமுட்ட ஒரே வாக்கியம், அந்த வாக்கியத்தின் வாலில் கௌரவ டாக்டர் பட்டம். பிறகு பட்டயத்தைச் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள், ஒரு பாட்டுப் பாடுவார்கள், அப்புறம் ஜெபம், அப்புறம் பிரியாணி. பிரியாணி ஏற்கெனவே வந்துவிட்டது. கல்லூரிக் கோயிலுக்குப் பின்னால் இறக்கி வைத்திருக்கிறார்கள் போல, பட்டையும் கிராம்பும் ஜன்னல் வழியாக மேடைவரைக்கும் வந்து பேராயரின் மூக்கையே ஒரு தரம் விரியவைத்துவிட்டுப் போயின. பிரியாணியில் ஒன்றும் சிக்கல் இல்லை. பாட்டிலும் இல்லை. நடுவில் கிடக்கிற அந்த ஜெபம்தான் எப்சிபாவுக்குச் சிக்கல். கடவுளைப் பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்காத காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கேட்டவள், பதினோரு புத்தகம் எழுதினவள், இருபத்தாறு வருஷம் இதே கல்லூரியில் இறையியல் சொல்லிக்கொடுத்தவள், அறுபத்தெட்டு வயதில் ஒரு ஜெபத்துக்குப் பயப்படுகிறாள் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். அவளுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. எல்லாம் இந்தத் தொப்பியால் வந்த வினை. கறுப்புத் துணி, மேலே அட்டை வைத்த சதுரம், ஒரு மூலையிலிருந்து தொங்குகிற சிவப்புக் குஞ்சம். குஞ்சம் மின்விசிறிக் காற்றுக்கு ஆடி ஆடிக் கன்னத்தைச் சொறிந்தது. மோரியாபுரம் இறையியல் கல்லூரியில் தொப்பி மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், வாத்தியார்களுக்கு வெறும் அங்கி. இருபத்தாறு வருஷமும் அவள் கீழே வாத்தியார் வரிசையில் வெறுந்தலையோடு உட்கார்ந்து, மேடையில் யாராவது ஒரு பெரிய மனிதருக்குத் தொப்பி மாட்டி அழகு பார்ப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறாள். இதுவரை நாற்பத்திரண்டு பெரிய மனிதர்கள். நாற்பத்திரண்டு பேரும் ஆண்கள். நாற்பத்துமூன்றாவது ஆள் இவள்.

மேடைக்காரர்களுக்கென்று ஒரு நடைமுறைத் தாள் கொடுத்திருந்தார்கள். அதில் ஏழாவது விதி, ஜெபவேளையில் அனைவரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளவும் என்றது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வருகிற விதி. அதற்குக் கீழே வேறு எழுத்தில், அவசரமாக ஒட்டவைத்தது போல் எட்டாவது விதி. பெண்கள் (ஒருவர்) கழற்ற வேண்டாம். அந்த ‘ஒருவரை’ப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஒரு வரிக்காக ஆட்சிக்குழு இரண்டரை மணி நேரம் கூடி, இரண்டு தரம் டீயும் ஒரு தரம் உளுந்துவடையும் சாப்பிட்டதாக நூலகத்தில் சொன்னார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள். கோயிலில் ஜெபம் நடந்தால் ஆண் தலையைத் திறக்க வேண்டும், பெண் தலையை மூட வேண்டும், அதுதான் சபை வழக்கம். பவுல் அப்போஸ்தலன் என்றைக்கோ ஒரு சபைக்கு எழுதின அரைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை நூறு வருஷமாக இத்தனை கோடி சேலைத் தலைப்புகள் மேலே ஏறியிருக்கின்றன. தொப்பி போட்ட பெண் ஒருத்தி மேடையில் உட்காருவாள் என்று பவுலுக்கும் தெரியாது, வெள்ளைக்காரருக்கும் தெரியாது. இரண்டரை மணி நேரம் யோசித்தவர்கள் கடைசியில், தலை மூடியிருக்கிறது அல்லவா, அது அப்படியே இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். பதிவாளர் இப்போது அவளுடைய முதல் புத்தகத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டுப் பக்கச் சிறு நூல், ‘முக்காட்டுக்கு வெளியே’. ஆராதனையில் பெண் தன் தலையை மூட வேண்டிய அவசியமில்லை என்பதை ஐயமற நிறுவிய முன்னோடி நூல் என்று அவர் கணீரென்று வாசிக்க, தலையை ஐயமற மூடிக்கொண்டு நிறுவியவள் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் மாணவிகள் பதினொரு பேர், ஒருத்தி தலையிலும் முக்காடு கிடையாது. அதில் ஒருத்தி குனிந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். புளிப்பு மிட்டாயாக இருக்கும். நல்லது, மெல்லட்டும், இவர்கள் மிட்டாய் மெல்லுவதற்காகத்தான் நாம் அந்தப் பாடுபட்டோம் என்று நினைத்தாள். நினைத்தபோது சந்தோஷமாகவே இருந்தது. அந்தப் பிள்ளைகள் பார்க்க நான் தலையை மூடிக்கொண்டு ஜெபிப்பதா. சரி, கழற்றிவிடலாம். கை உயரப் போனது. போன கை காதுப் பக்கம் வேர்வையைத் துடைத்துவிட்டு இறங்கிக்கொண்டது. முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள்.

தொப்பியைக் குத்தினது அக்கா. காலையில் கோயிலை ஒட்டின சின்ன அறையில் அங்கியை மாட்டி முடித்துத் தொப்பியை வைத்தால், நிற்கவே மாட்டேன் என்றது. நாற்பத்திரண்டு ஆண் தலைக்கு வாங்கின அளவு, எப்சிபாவின் தலையில் அது பானைமேல் வைத்த பெரிய மூடிபோல் வழுகியது. தொற்காள் அக்கா வந்தாள். எழுபத்துநான்கு வயது, முப்பத்தைந்து வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் மூக்குத் துடைத்திருக்கிறதா என்று பார்க்கிற கண். அசையாம நில்லுட்டி, என்றாள், இளையவளுக்குப் போடுகிற அந்த ‘ட்டி’யோடு. பட்டம் வாங்குத நேரத்துல தொப்பி உருண்டுட்டுன்னா ஊரே சிரிக்கும். ஊசி இருக்காக்கா, என்று கேட்டாள் எப்சிபா. இருக்கு, இருக்கு, நீ தலையக் குனி. ஒவ்வொன்றாக ஐந்து கொண்டை ஊசி ஏறியது. ஒன்று உச்சியில், இரண்டு வலது பக்கம், மற்றவை எங்கே என்று தெரியவில்லை, அக்காவின் விரல் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தலை பின்னுகிற வேகத்தில் போனது. அப்போதுதான் அக்கா சொன்னாள், கடைசியில ஒன் தலைய மூடிட்டேன், பாத்தியா. சிரித்துக்கொண்டே சொன்னாளா, சிரிக்காமல் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் வாயில் அப்போது இரண்டு ஊசி இருந்தது. ஊசியைப் பல்லில் கடித்திருக்கிற பெண்ணின் முகத்தில் எதையும் படிக்க முடியாது. படிக்க முடியாததுதான் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறது. நாற்பத்தொரு வருஷத்தில் அந்தப் பேச்சை அக்கா எடுத்தது அதுதான் முதல் தடவை. ஊர்வலத்துக்கு வரிசையில் நிற்கும்போது கணவர் தேவாசீரிடம் மெதுவாகச் சொன்னாள், ஜெபத்துல இதக் கழட்டவா வேண்டாமான்னு தெரியலைங்க. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர், எதற்கும் ஒரு விடைதான் உண்டு. கழட்டுனா என்ன, கழட்டாட்டி என்ன, ஆண்டவரு ஒன் தொப்பியையா பாத்துக்கிட்டு இருக்காரு, என்றார். ஆண்டவர் பாக்க மாட்டாரு, அக்கா பாப்பா, என்றாள் எப்சிபா. இப்போது அவர் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்தால் கேமரா அவர் பக்கமே திரும்பியிருக்கிறது. வீட்டுக்குப் போனால் இரண்டு மணி நேரம் அவர் மூக்கைத்தான் பார்க்கலாம்.

நாற்பத்தொரு வருஷம். இதே கோயில். இதே தூண், இதே மஞ்சள் சுண்ணாம்பு, மூன்றாவது பெஞ்சு. இருபத்தேழு வயது மாணவி எப்சிபா, குடும்பத்தாரைக் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை, அக்கா இரண்டு பஸ் மாறி இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பெண்பிள்ளை இறையியல் படித்து என்ன ஆகப்போகிறது, பிரசங்க பீடத்தில் ஏறப்போகிறாளா என்று ஊரே கேட்டபோது, அப்பாவை உட்காரவைத்துப் பேசிச் சம்மதிக்க வைத்தது அக்காதான். அதை மறக்கக் கூடாது. அதை மறந்ததும் இல்லை. அன்றைக்கு எப்சிபா தலையை மூடாமல் வந்து உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான். ஒரு வாரமாக யோசித்து எடுத்த முடிவு, அக்காவிடம் சொல்லவில்லை. பாட்டு முடிந்தது. அப்போதைய முதல்வர், போதகர் ஞானாபரணம் ஐயர் பீடத்திலிருந்து, மூன்றாம் பெஞ்சில் தலை மூடாமலிருக்கும் சகோதரி மூடிக்கொள்ளலாம், அல்லது வெளியே காத்திருக்கலாம் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அறிவிப்பு வாசிக்கிற குரலில் சொன்னார். முந்நூறு தலை திரும்பியது. அடுத்த கணம் அவள் தலையில் ஏதோ விழுந்தது. அக்காவின் சேலைத் தலைப்பு. அக்கா தன் முக்காட்டின் பாதியை இழுத்துத் தங்கச்சியின் தலையில் போட்டுவிட்டாள். மெல்லிய நீல ‘வாயில்’ துணிச் சேலை, பெட்டியில் வைத்த பாச்சாவுருண்டை வாசம், தேங்காயெண்ணெய் வாசம், அதற்குள்ளே இரண்டு தலை, நீலமாக ஒரு வெளிச்சம். எப்சிபா அதைப் பிடித்து உதறினாள். உதறின வேகத்தில் ஓரத்தையல் சரக்கென்று பிரிந்தது. எழுந்து நடந்து வெளியே போய்விட்டாள். வேப்பமரத்தடியில் நின்றாள். அக்கா வரவில்லை. ஆராதனை முடிகிறவரைக்கும் அந்த மூன்றாம் பெஞ்சில், கிழிந்த ஓரத்தோடு, முந்நூறு பேர் பார்க்க, ஒற்றையாக உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு வந்து தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து, குழம்பு ஆறிட்டு, என்று மட்டும் சொல்லி அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதன்பின் கல்யாணம், பிரசவம், அப்பா சாவு, அம்மா சாவு, எல்லாவற்றுக்கும் இருவரும் ஒன்றாக நின்றிருக்கிறார்கள், மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள், அதை மட்டும் பேசியது கிடையாது. பேசாமலே இருந்திருந்தால் தேவலை. எப்சிபா எழுதிவிட்டாள். சிறு நூலின் முப்பத்தோராம் பக்கம். பெண்ணின் தலையில் முக்காட்டைப் போடுகிற கை பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் கைதான் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரி அவளுக்குச் சோறு போட்டது என்றே சொல்லலாம். எங்கெங்கோ கூப்பிட்டார்கள், எந்த நாட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு பெண் எழுந்து அந்த வரியைச் சொல்லி, எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்பாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அக்கா தங்கச்சி எழுதினதையெல்லாம் வாசிப்பாள், சிவப்புப் பேனாவோடு. டீச்சர் அல்லவா. வாசித்து முடித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் சுழித்திருக்கும், இந்த வாக்கியம் எனக்கே புரியவில்லை, சபைப் பெண்களுக்கு எப்படிப் புரியும் என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அந்தச் சிறு நூலும் அப்படித்தான் சிவப்பாகத் திரும்பி வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தபோது எப்சிபாவுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது, தேள் கொட்டின திருடன் கத்தவா முடியும். அந்த வரி பொய் இல்லை. இன்றைக்கும் மெய்தான். ஆனால் போட்ட கை நடுங்கியதை அவள் எழுதவில்லை. வெளியே போகச் சொல்லிவிடுவார்களே, படிப்பு போய்விடுமே, அப்பாவிடம் பேசிப் பேசி வாங்கின படிப்பாயிற்றே என்று அந்தக் கை நடுங்கியது. அந்த நீல வெளிச்சத்துக்குள் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மழைக்கு ஒரு சாக்குக்குள் ஒண்டின சிறு பிள்ளைகள் போல நிம்மதியாக இருந்ததையும் எழுதவில்லை. பதினோரு புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை. பதிவாளர் மூன்றாம் பக்கத்தில் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல, யாரோ செத்துப்போன ஒரு நல்ல அம்மாளின் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்பதுபோல் இருந்தது. இப்படித்தான் போலிருக்கிறது, முதலில் சுருள் கொடுப்பார்கள், பிறகு படம் மாட்டுவார்கள், பிறகு படத்துக்கு மாலை. இருக்கட்டும், பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் படத்துக்குள் போவது. வேர்வைச் சொட்டு ஒருவழியாகக் காதைச் சுற்றிக் கழுத்துக்கு இறங்கியது.

பக்கத்து நாற்காலியில் ஞானாபரணம் ஐயர். எண்பத்தெட்டு வயது, காதில் கருவி, தொப்பி அவருக்கு மட்டும் அளவாக இருக்கிறது. முடிவு ஜெபம் அவருடையது. காலையில் அந்தச் சின்ன அறையில் எப்சிபா அவரிடம் கேட்டேவிட்டாள். நாற்பத்தொரு வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி, சும்மா விட முடியுமா. ஐயா, ஞாபகம் இருக்கா, என்னைய ஒரு ஞாயித்துக்கெழம இந்தக் கோயில்லருந்து வெளிய போகச் சொன்னிய. நானா, என்றார் அவர். ஒன்னையா. எதுக்கும்மா. தலைய மூடலன்னு, ஐயா. அவர் நிஜமாகவே யோசித்தார். நெற்றியைத் தடவினார். அன்னைக்கு மழை பெஞ்சுதோ, என்று கேட்டார். இல்லய்யா, நல்ல வெயிலு. அப்பச் சரி, நனஞ்சிருக்க மாட்டே, என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்து, நல்லா இரும்மா, ஒன் பேரச் சொன்னதும் கமிட்டில நான்தான் மொத ஆளா கை தூக்குனேன், என்றார். எப்சிபாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எத்தனை வகுப்பில், எத்தனை மாநாட்டில் இந்த மனிதரோடு மனசுக்குள்ளேயே வாதாடி வென்றிருக்கிறாள், கடைசியில் எதிராளிக்கு வழக்கே தெரியாது. யானை மிதித்த இடம் யானைக்கு ஞாபகம் இருக்குமா. அவர் மறந்துவிட்டார், முந்நூறு தலையும் மறந்துவிட்டது, பாதி மண்ணுக்குள் போய்விட்டது. ஞாபகம் வைத்திருக்கிறது இரண்டே தலை. ஒன்று தொப்பிக்குள் இருக்கிறது, இன்னொன்று முன்வரிசையில் பட்டுச்சேலை முக்காட்டுக்குள் இருக்கிறது. ஆகவே இந்தத் தொப்பியைக் கழற்றினால் ஆட்சிக்குழுவுக்கு எதிராகக் கழற்றினதாக ஆகாது, பவுலுக்கு எதிராகவும் ஆகாது. அக்கா இரண்டாம் முறை மூடினதை இரண்டாம் முறை உதறினதாகத்தான் ஆகும், அதுவும் அவள் கண்ணெதிரே, மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு. கழற்றாவிட்டாலோ, பதினோரு புத்தகமும் எதற்கு. எழுபத்துநான்கு வயசுக்காரிக்காக ஒரே ஒரு ஜெபம், பேசாமல் இருந்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும். ஒன்றும் குறையாது. ஒன்றும் குறையாது என்றுதான் எல்லாப் பெண்களும் மூடிக்கொண்டார்கள். எப்சிபாவின் மூளை இப்படிச் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது ‘ஆகையினால்’ வந்துவிட்டது.

எழுந்தாள். முழங்கால் ஒரு தரம் சொடக்குப் போட்டது. பேராயர் சுருளை நீட்ட, வாங்கினாள். பின்வரிசைப் பிள்ளைகள் கை தட்டினார்கள், விசில்கூட ஒன்று கேட்டது, மிட்டாய்க்காரியாக இருக்க வேண்டும். தேவாசீர் கைப்பேசியைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினார். அக்கா தட்டவில்லை. கோயிலில் கை தட்டக் கூடாது என்பது அக்காவின் சட்டம். இரண்டு கையையும் கூப்பி, உதடு மட்டும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அசைந்தது. கண் நனைந்திருந்ததா, அல்லது பிரியாணி அடுப்புப் புகையா. பாட்டு எழுந்தது. எல்லோரும் நின்றார்கள். பாட்டுப் புத்தகத்துக்கு மேலாக எப்சிபா அக்காவைப் பார்த்தாள். பார்த்தால், அக்காவின் முக்காடு சரிந்துகொண்டிருந்தது. அக்கா இடது கையால் இழுத்துவிட்டாள். ஒரு சரணம் முடிவதற்குள் மறுபடி சரிந்தது, பட்டுச்சேலை வழுக்கத்தானே செய்யும். மறுபடி இழுத்துவிட்டாள். அக்காவின் முக்காடு சரிந்து எப்சிபா பார்த்ததே கிடையாது. காற்றானாலும் பஸ்ஸானாலும் அப்படியே நிற்கும், உள்ளே ஊசி குத்தியிருப்பாள். ஊசி. இருக்கு இருக்கு என்றாளே, எங்கிருந்து எடுத்தாள். கைப்பையைத் திறக்கவில்லையே. கை மேலேதானே போனது, தன் தலைக்கு. ஐந்தும் அக்காவின் முக்காட்டு ஊசிகள். ஐந்தையும் பிடுங்கித் தங்கச்சியின் தொப்பியில் குத்திவிட்டு, தான் பட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறாள். எப்சிபாவுக்குப் பாட்டின் வரி தப்பிப்போனது. பாடுவதுபோல் வாயை மட்டும் அசைத்தாள்.

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார, தலைகளைத் தாழ்த்தி ஜெபிப்போம், என்றார் ஞானாபரணம் ஐயர். மேடையில் எட்டுத் தொப்பி கழன்று எட்டு மடிக்கு இறங்கியது. கோயில் முழுக்கக் கண் மூடியது. ஐயர் ஜெபம் தொடங்கினால் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம் என்று மாணவர்கள் சொல்வதுண்டு. இந்த நீளத்துக்கு ஜெபிக்கிற ஆள் இன்னொருவர் உண்டென்றால் அது அவளுடைய அப்பா. வீட்டு ஜெபத்தில் எப்சிபா பல்லியைப் பார்ப்பதற்காகக் கண்ணைத் திறப்பாள். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் அக்கா கோள் சொல்லிவிடுவாள், அப்பா, எப்சி ஜெபத்துல கண்ணத் தொறந்தா. அப்பா திருப்பிக் கேட்பார், நீ மூடியிருந்தா ஒனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சங்கீதம் மனப்பாடம். பதினான்கு வயதில் வாங்கின அந்தத் தண்டனைக்குப் பிறகு அக்கா ஜெபத்தில் கண் திறந்ததே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் இலைமுன் உட்கார்ந்து ஜெபம் நடக்கும்போது காக்காய் வந்து அவள் இலை அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போனது, சிறகு முகத்தில் அடித்தது, அப்போதும் திறக்கவில்லை. ஆகவே இப்போதும் மூடியிருப்பாள். பார்க்க மாட்டாள். எப்சிபாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஒருவரும் பார்க்கவில்லை. கழற்றலாம், ஆமென் வருவதற்குள் திரும்ப வைத்துக்கொள்ளவும் செய்யலாம், அக்காவுக்கும் நோகாது, புத்தகத்துக்கும் நோகாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இதை நினைத்த உடனேயே வெட்கமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில் கோயிலில் ஒளிந்துகொண்டு தலையைத் திறப்பாளாம். வேண்டாம். கழற்றினால் கழற்றினதுதான். திரும்ப வைக்கிற பேச்சு இல்லை. அப்புறம் அக்காவிடம் போய் நின்று, அக்கா, ஒன் கை நடுங்குச்சு, அத நான் எழுதல, தப்பு, என்று சொல்லிவிட வேண்டும். கை எழுந்தது.

உச்சி ஊசி சுலபமாக வந்தது. வலது பக்கத்து இரண்டும் வந்தன. நான்காவது பிடரியில் இருந்தது, கொஞ்சம் முடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஐயர் அதற்குள் மத்திய அரசையும் மாநில அரசையும் ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு மழைக்காக மன்றாடத் தொடங்கியிருந்தார். ஐந்தாவதைக் காணோம். தொப்பி ஒரு பக்கமாகத் தொங்கியது, குஞ்சம் மூக்குமேல் விழுந்தது, ஆனால் எங்கேயோ ஓரிடத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. விரலை விட்டுத் துழாவினாள். இழுத்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படியே ஆமென் வந்துவிட்டால், மூடினதும் இல்லாமல் திறந்ததும் இல்லாமல், கோமாளி மாதிரி ஒரு கௌரவ டாக்டர். தாங்க முடியாமல் கண்ணைத் திறந்தாள். நேரே எதிரே அக்கா. அக்காவின் கண் திறந்திருந்தது. எப்சிபாவின் கை அப்படியே நின்றது. முக்காடு முழுசாகச் சரிந்து தோளில் கிடந்தது. வெளுத்து மெலிந்துபோன முடி, நடுவகிடு, சின்னத் தலை. கோயிலுக்குள் அக்காவின் தலையை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. இழுத்துவிட அக்காவின் கை போகும் என்று காத்திருந்தாள். அது போகவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முதல் ஊசியிலிருந்தா. அன்றைக்கு முந்நூறு தலைக்கு நடுவே பார்த்த அதே முகமா இது என்று பயமாக இருந்தது. அப்போது அக்கா வலது கையை மெல்லத் தூக்கினாள். தன் வெறுந்தலையில், இடது காதுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே ஒரு விரலை வைத்து இரண்டு தரம் தட்டிக் காட்டினாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துப் பிழையைத் தொட்டுக் காட்டுகிற அதே பொறுமை. அங்கே. எப்சிபா தன் தலையில் அதே இடத்தைத் தொட்டாள். ஊசி இருந்தது. இழுத்ததும் வந்தது.

தொப்பி மடிக்கு வந்தது. மின்விசிறிக் காற்று ஈரத்தலையில் பட்டு உச்சி சில்லென்றது. அக்கா தலையைச் சரி என்று ஒரு தரம் ஆட்டினாள். ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள் என்று பார்த்தால் மூடவில்லை. எப்சிபாவும் மூடவில்லை. ஐயர் வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஒவ்வொருவரையும் நாடு வாரியாக ஆசீர்வதித்துக்கொண்டிருக்க, முழுக் கோயிலும் கண்மூடிக் கிடக்க, அக்காவும் தங்கச்சியும் மட்டும் வெறுந்தலையோடு ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கன்னம் துடித்தது. அது அழுகை இல்லை, சிரிப்பு. அந்தச் சிரிப்பு எப்சிபாவுக்கும் தொற்றிக்கொண்டது, தோள் குலுங்கியது, தொப்பியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எத்தனை பட்டம் கொடுத்தாலும் இந்தச் சந்தோஷம் வருமா என்று நினைத்தாள். ஒருவழியாக ஆமென் வந்தது. முந்நூறு குரலோடு அவர்களும் சொன்னார்கள். ஊர்வலம் இறங்கியது. முன்வரிசையைக் கடக்கும்போது எப்சிபா நின்றாள், பின்னால் வந்த பேராயரும் நிற்க வேண்டியதாயிற்று. உள்ளங்கையை விரித்து ஐந்து ஊசியையும் நீட்டினாள். அக்கா, அன்னைக்கு ஒன் கை, என்று தொடங்கினாள். அக்கா ஊசிகளை எடுத்தாள். தலைக்குக் கொண்டுபோகவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அதெல்லாம் சாப்புட்டுட்டுப் பேசலாம், குழம்பு ஆறிப்போவும், என்றாள். பிறகு தேவாசீர் பக்கம் திரும்பி, மேடைக்கே கேட்கிற குரலில், தம்பி, இவ ஜெபத்துல கண்ணத் தொறந்தா, நான் பாத்தேன், என்றாள்.

“நீ மூடியிருந்தா ஒனக்கு எப்படிட்டி தெரிஞ்சுது?” என்று கேட்டாள் டாக்டர் எப்சிபா, தன் அக்காவை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ‘ட்டி’ போட்டு.